கட்டடத் தொழிலும் நம் பிள்ளைகளும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். தோட்டத்து மக்களாகிய நம்மில் பலருக்குச் சொந்த வீடு கட்டிப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிட்டியதில்லை. ஆனால், ஊரார் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள் நம்மில் ஏராளம். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதே நிலத்தில் சிமெண்டு மூட்டை தூக்கியவர்களை நான் அறிவேன்.

அந்தக் கட்டட வேலை இப்போது பெரிதும் மாறி வருகிறது. பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஏனென்றால், பழைய மாணவர்களின் பெற்றோர் என்னைப் பார்க்கும்போது அடிக்கடி சொல்வது இதுதான்: "ஐயா, பையனுக்குப் படிப்பு மண்டையில ஏறமாட்டேங்குது. பேசாம கட்டட வேலைக்கு அனுப்பிடலாம்னு பாக்குறேன்."

கட்டட வேலை நல்ல வேலைதான். ஆனால், படிப்பு வராதவன் போய் ஒதுங்கும் இடமாக அது இனி இருக்காது.

முன்பெல்லாம் வீடு எப்படி எழும்பியது? பலகை அடித்து, கம்பி கட்டி, கல்லும் மணலும் சிமெண்டும் குழைத்து ஊற்றி, காய்ந்தபின் பலகையைப் பிரித்து, செங்கல் அடுக்கிப் பூசி முடிப்பார்கள். மழை வந்தால் வேலை நிற்கும். இன்றோ சுவர், தூண், படிக்கட்டு, தரைப்பலகம் எல்லாவற்றையும் தொழிற்சாலையில் அச்சில் வார்க்கிறார்கள். லாரியில் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் தூக்கி நிறுத்தி, இடைவெளியை அடைத்துவிடுகிறார்கள். இதனை ஐ.பி.எஸ். முறை என்பார்கள்.

இது நம் நாட்டுக்குப் புத்தம் புதியதன்று. 1960களிலேயே கோலாலம்பூர் பெக்கெலிலிங் சாலையிலும் பினாங்கு ரைபிள் ரேஞ்சிலும் 17 மாடிக் கட்டடங்களை இம்முறையில் எழுப்பினார்கள். பெக்கெலிலிங் கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டன. 2008-ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. அரசாங்கக் கட்டடங்களில் இம்முறையின் அளவு 70 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதே அது. அதற்குப் பிறகே வேகம் பிடித்தது.

சிங்கப்பூரில் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டார்கள். அங்கே 2019-இல் கட்டி முடித்த கிளமெண்ட் கேனப்பி என்னும் 40 மாடி இரட்டைக் கட்டடங்களுக்கு, அறை அறையாகவே வார்த்துக் கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அந்த அறைகள் எங்கே வார்க்கப்பட்டன தெரியுமா? நம் ஜொகூரில், செனாயில்! அங்கே வார்த்த அறைகளைச் சிங்கப்பூர் துவாசுக்குக் கொண்டுபோய், உள்வேலைகளை முடித்து, கட்டுமிடத்திற்கு அனுப்பினார்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் ஜொகூரில் இத்தகைய வார்ப்புக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறான். பள்ளியில் அவன் முதல் மாணவன் அல்லன். கணக்கில் மட்டும் கொஞ்சம் கெட்டி. தீபாவளிக்கு வந்திருந்தபோது அவனுடைய வேலையைப் பற்றி விசாரித்தேன். "சார், காலையில போனதும் வரைபடத்தைப் பார்த்து அச்சை அளப்பேன். நீளம் அகலம் மட்டும் சரியா இருந்தா பத்தாது. மூலைக்கு மூலை குறுக்கால ரெண்டு பக்கமும் அளக்கணும். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் சுவர் சதுரமா வரும்" என்றான். மின்கம்பிக் குழாய் எந்த இடத்தில் வரவேண்டும், தூக்குக் கொக்கி எங்கே பதிய வேண்டும் என்பதையெல்லாம் வார்ப்பதற்கு முன்பே சரிபார்க்க வேண்டுமாம். ஓர் அச்சில் சில மில்லிமீட்டர் பிசகினால், அதில் வார்க்கும் அத்தனை சுவர்களும் பிசகிவிடும். மேலே கொண்டுபோய்ப் பொருத்தும்போது இடைவெளி விழும், மழைநீர் கசியும்.

மூன்று, நான்கு, ஐந்து என்று கயிற்றில் அளந்து மூலைமட்டம் பார்க்கும் வித்தை நம் பழைய கொத்தனார்களுக்கும் தெரியும். அதே கணக்குத்தான் இன்று கணினியிலும் லேசர்க் கருவியிலும் வந்து நிற்கிறது. பின்னமும் தசமமும் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இந்த மாணவனைத்தான் காட்டுகிறேன்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். தோட்டம் மூடப்பட்டபின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பலகை அடிக்கும் வேலை செய்தவர். அவர் அடித்த பலகையில் ஒரு சொட்டுக் கலவை ஒழுகாது என்று பெயர். அவர் வேலை செய்த குத்தகைக்காரர் பலகையை விட்டுவிட்டு அலுமினிய அச்சுக்கு மாறினார். பலகையைச் சில தடவைதான் பயன்படுத்தலாம். அலுமினிய அச்சை நூறு தடவைக்கு மேலும் பயன்படுத்தலாம். மரமும் மிச்சம், குப்பையும் குறைவு. ஆனால், புதிய வேலைக்குச் சான்றிதழ் உள்ளவர்களையே எடுத்தார்கள். கைத்திறன் இருந்தும் கையில் ஒரு தாள் இல்லாத அந்த மனிதருக்கு, துடைப்பமும் தள்ளுவண்டியும்தான் கிடைத்தன. சம்பளமும் இறங்கிவிட்டது.

இப்படிப்பட்டவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழ் எனப்படும் எஸ்.கே.எம். சான்றிதழை, பயிற்சிக் கூடத்தில் படித்தும் பெறலாம். செய்த வேலையின் அனுபவத்தைக் காட்டியும் பெறலாம். பின்னதற்குப் பி.பி.டி. முறை என்று பெயர். செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம் முதலிய ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் சோதித்துப் பார்ப்பார். மேற்சொன்ன அன்பரின் மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். தந்தையின் பழைய படங்களை அவன் இப்போது தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்து, இயற்கையைக் காப்பது பற்றிய பேச்சு. இன்று கட்டடத் தொழிலில் எங்கு திரும்பினாலும் 'பசுமை' என்ற சொல் காதில் விழுகிறது. இதற்குக் காரணம் இருக்கிறது. ஈப்போ வட்டாரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சூளையில் இட்டு, ஏறக்குறைய 1450 பாகை வெப்பத்தில் சுட்டுத்தான் சிமெண்டு செய்கிறார்கள். சூளைக்கு எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் கரியமில வாயுவைக் கக்குகின்றன. அது போதாதென்று, சுடப்படும் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே அந்த வாயு வெளிவருகிறது. உலகில் மனிதரால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 விழுக்காடு சிமெண்டினால்தான். ஆகவே, சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக, மின்நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலையும் இரும்பு உருக்காலைக் கசடையும் சேர்க்கிறார்கள்.

நம் செம்பனை ஆலைச் சாம்பலும் இந்த வரிசையில் வருகிறது. ஆலைக் கொதிகலனில் நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கிறார்கள் அல்லவா? மிஞ்சும் சாம்பலை நைசாக அரைத்துச் சிமெண்டோடு கலந்தால் கான்கிரீட் உறுதியாக நிற்கிறது என்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சோதித்துக் காட்டியுள்ளன. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன சாம்பல் மேடு அது!

பால் மரத்தின் கதையும் அப்படித்தான். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பு வெட்டி எரித்தார்கள்; புகைக்கூண்டுக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போயிற்று. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும் என்பதால் அதைப் பலகையாக்க யாரும் முன்வரவில்லை. பின்னர், அறுத்த உடனே போராக்சு கலந்த மருந்துநீரை ஏற்றி, முறையாக உலர்த்தினால் அது நிலைக்கும் என்று கண்டார்கள். 1980களிலிருந்து அதன் மதிப்பு உயர்ந்தது. இன்று மூவார் வட்டாரத்து மேசை நாற்காலிகள் பெரும்பாலும் பால் மரத்தால் ஆனவை. சிறு துண்டுகளைப் பல் பல்லாக வெட்டி ஒட்டி, வீட்டுப் படிக்கட்டுக்கும் உள் தரைக்கும்கூடப் பலகை செய்கிறார்கள். வெயில் மழை படும் வெளிப்புறத்திற்கு மட்டும் அது ஆகாது.

கூரையில் சூரிய ஒளித் தகடு பதிக்கும் வேலையும் பெருகி வருகிறது. கூரைமேல் ஏறத் தெரிந்தால் மட்டும் இதற்குப் போதாது. மின்வேலையில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் தேவை. அச்சான்றிதழை எடுத்த பிள்ளைக்கு வேலைக்குப் பஞ்சமிராது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கட்டடம் எழும்புமுன் அதைக் கணினியிலேயே முழுதாகக் கட்டிப் பார்த்து, குழாயும் கம்பியும் எங்கே முட்டுகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலை வந்துவிட்டது. அதற்குத் தோள்வலி தேவையில்லை. பொறுமையும் கூர்ந்த பார்வையும் வேண்டும்.

புதுமை என்பதற்காக எல்லாமே நல்லது என்று நான் சொல்லவரவில்லை. இயந்திரத்தால் கான்கிரீட்டையும் ஓட்டையும் வெட்டும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலைக் கெடுக்கும். டன் கணக்கில் எடையுள்ள சுவர் தலைக்கு மேலே தொங்கும். ஆகவே, முகமூடியும் பாதுகாப்புத் தொப்பியும் வீண் சுமையென்று பிள்ளைகள் எண்ணக்கூடாது.

முடிவாகப் பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளையைக் கட்டட வேலைக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் சி.ஐ.டி.பி. அட்டை அவனிடம் இருக்கிறதா? எந்தத் தொழிலில், எந்த நிலையில் எஸ்.கே.எம். எடுக்கப் போகிறான்? முதலாளி சொக்சோவும் ஊழியர் சேமநிதியும் கட்டுகிறாரா? இம்மூன்றுக்கும் பதில் இல்லாமல், தெரிந்தவர் கூப்பிட்டார் என்று லாரியில் ஏற்றி அனுப்பாதீர்கள்.

கியாட்மாரா, ஐ.எல்.பி., அகாடெமி பினாஆன் மலேசியா போன்ற இடங்களில் இத்தொழில்களைக் கற்கலாம். எஸ்.பி.எம். தேர்வில் சறுக்கிய பிள்ளைக்கும் அங்கே வழியுண்டு. விண்ணப்பப் பாரத்தை நிரப்பத் தெரியவில்லை என்றால், உங்கள் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடம் தயங்காமல் கொண்டு செல்லுங்கள். பிள்ளை வீட்டைவிட்டுப் போன பிறகும் அவனுக்கு நாங்கள் ஆசிரியர்கள்தாம்.