வாப்பா என்னும் சொல்

கவிதை எழுதுவோரிடம் பெரும்பாலும் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று, கவிதைகளை எழுதி வைப்பது. மற்றொன்று, அவற்றை எங்கெங்கு அனுப்பினோம், என்னவாயிற்று என்று குறித்து வைப்பது. நமது இரண்டாம் ஏட்டினை அண்மையில் புரட்டிப் பார்த்தோம். அனுப்பிய நாள், இதழின் பெயர், முடிவு என மூன்று கட்டங்கள். மூன்றாம் கட்டத்தில் 'திரும்பியது' என்னும் சொல்லே மிகுதி.

அவ்வேட்டில் ஒரு கவிதையின் பெயர் நான்கு இடங்களில் வருகின்றது. நம் வாப்பா மறைந்த ஆண்டில் எழுதியது அது. சுபுஹுத் தொழுகைக்கு நம்மை எழுப்பும் அவரது குரல் கேளாத முதல் விடியலைப் பாடியது. இருமுறை திரும்பி வந்தது. காரணம் எவரும் எழுதவில்லை. நாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக் கொண்டோம். 'வாப்பா'வைத் 'தந்தை' ஆக்கினோம், 'சுபுஹு' வைகறையாயிற்று, 'மோதினார்' நீங்கினார். மூன்றாம் முறை கவிதை அச்சேறியது. பின்னர் ஒரு போட்டியில் ஆறுதல் பரிசும் பெற்றது. நாம் எண்ணியது சரியே என மகிழ்ந்தோம்.

சில ஆண்டுகள் கழித்துத் தொகுப்பு வெளிவந்தது. 500 படிகள். ஒரு சிற்றிதழில் மதிப்புரை வந்தது. ஏனைய கவிதைகளைப் பாராட்டிய திறனாய்வாளர், இக்கவிதையில் வரும் தந்தைக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை என எழுதியிருந்தார். சினம் கொண்டோம். அன்றிரவு அக்கவிதையை உம்மாவிடம் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு. இது யாரப் பத்தி எழுதுனது வாப்பா?" என்றார்கள். மகனையும் 'வாப்பா' என்றே விளிப்பது எங்கள் வீட்டு வழக்கம். நமக்கு மறுமொழி எழவில்லை.

வகுப்பறையில் நாம் கற்பிப்பது என்ன? உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தின் பகுதிகளுக்கு விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜுறத்துக் காண்டம் என்றே பெயரிட்டார். கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து ஆகியன தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளாயின. செய்யுளுக்குரிய சொற்களுள் திசைச்சொல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். தோப்பில் முஹம்மது மீரான் தம் மக்களின் பேச்சை நாவலாக்கினார். 'சாய்வு நாற்காலி' 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இவற்றையெல்லாம் கற்பித்துக்கொண்டே நாம் ஒரு சொல்லுக்கு அஞ்சினோம்.

அச்சம் அத்துடன் நீங்கியதா எனின், இல்லை. பிறிதொரு நாள் மாணவர் கவிதைப் போட்டி ஒன்றிற்கு நடுவராக அமர்ந்தோம். 'கபுறு' என்னும் சொல் பயின்ற கவிதையொன்று வந்திருந்தது. எளிய கவிதை, உண்மையான கவிதை. "இது பொதுவாசகருக்கு விளங்காது" என்றார் உடனிருந்த நடுவர். நாம் பரிந்து பேசினால் நம்மவர் என்பதால் பேசுகிறோம் எனக் கருதுவரோ என்று எண்ணி வாளாவிருந்தோம். அக்கவிதைக்கு எப்பரிசும் கிட்டவில்லை. தாள்களில் எண் மட்டுமே இருந்தமையால் எழுதியவர் யாரென அறியோம். அம்மாணவரும் இந்நேரம் அச்சொல்லை நீக்கிவிட்டு வேறொரு போட்டிக்கு அனுப்பியிருக்கலாம். அந்த எண்ணமே நம்மை உறுத்துகின்றது.

தொகுப்பின் மறுபதிப்பிற்கு இப்போது மெய்ப்புத் திருத்தி வருகின்றோம். 'தந்தை' என வரும் இடமெல்லாம் கோடிட்டு 'வாப்பா' என எழுதியுள்ளோம். ஓசை ஓரிடத்தில் இடறுகின்றது, இருக்கட்டும். மோதினாரும் மீண்டும் வந்துவிட்டார்.

எழுதும் மாணவச் செல்வங்களே, உங்கள் கவிதை திரும்பி வரலாம். ஓசையைத் திருத்துங்கள், பிழையைக் களையுங்கள். வீட்டில் வழங்கும் சொல்லை மட்டும் அஞ்சி நீக்காதீர்கள். நடுவராக அமரும் எம் போன்றோர்க்கும் இதனையே சொல்லிக்கொள்கின்றோம்.