வேப்பமரத்துச் சைபீரிய விருந்தாளி

அரியலூருக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் நேரே கரைவெட்டிக்குப் போய்விடுவார்கள். 1999இல் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்த ஏரி, போகவேண்டிய இடம்தான். நானோ இந்தத் தை மாதத்தில் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். தேடிப் போனது ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடையே உள்ள பச்சைக் கதிர்க்குருவியை.

கல்லங்குறிச்சி என்றால் கலியுக வரதராசப் பெருமாள். மூலவருக்குச் சிலை கிடையாது, கல் கம்பமே பெருமாள். விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து காணிக்கையாகக் கொட்டுவது சுற்றுப்பட்டு விவசாயிகளின் வழக்கம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, சாலையோரத்து வேப்பமரங்களின் நிழலில் நின்றேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதில்தான் விழுந்தது: 'ட்டிஸ்-யிப்'. கொஞ்சம் விட்டு மறுபடியும் 'ட்டிஸ்-யிப்'.

இந்தக் குருவியை அடையாளம் காண முதலில் காதைத்தான் நம்ப வேண்டும். தையல்சிட்டு ஓயாமல் கத்தும், வாலைத் தூக்கிக்கொண்டு திரியும், உச்சந்தலை செம்பழுப்பாக இருக்கும். பிளைத் நாணல் கதிர்க்குருவியும் இதே பருவத்தில் வடக்கிலிருந்து வருவதுதான். ஆனால் அது பழுப்பு நிறம், தாழ்ந்த புதருக்குள் பதுங்கி 'செக், செக்' என்று ஒற்றை ஒலி கொடுக்கும். மரத்தின் மேல்மட்டத்தில், இலைகளுக்குள், ஈரசைக் குரல் கேட்டால் பச்சைக் கதிர்க்குருவியாக இருக்கலாம் என்று பைனாகுலரைத் தூக்கலாம்.

ஒரு வழியாக அது வெளிக்கிளைக்கு வந்தது. முதுகு சாம்பல் கலந்த பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை. அலகின் அடியிலிருந்து கண்ணைத் தாண்டிப் பின்னந்தலை வரை நீளும் வெளிர்மஞ்சள் புருவம். அதற்குக் கீழே கண்ணை ஊடுருவும் கருங்கோடு. இறக்கையில் குட்டையான ஒரு வெளிர் பட்டை. இறகு தேய்ந்தால் அந்தப் பட்டை மறைந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. இலையின் அடிப்புறத்தில் இருந்த எதையோ, ஒரு நொடி அந்தரத்தில் சிறகடித்து நின்று கொத்திக்கொண்டு போனது.

குரலை வைத்து இனம் பிரிப்பது பழைய வித்தை. இங்கிலாந்தின் செல்போர்னில் இருந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், பார்வைக்கு ஒன்றுபோல இருந்த இலைக் கதிர்க்குருவிகள் மூன்று இனம் என்று 1768இல் அவற்றின் பாட்டைக் கேட்டே பிரித்தார்.

நம் பச்சைக் கதிர்க்குருவியின் கதை அதைவிட வியப்பானது. இமயமலையிலிருந்து திபெத் பீடபூமியின் இருபுறமும் வளையமாக இதன் இனம் பரவியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்களின் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. மேற்குக் கரமும் கிழக்குக் கரமும் சைபீரியாவில் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டு மற்றதற்கு அந்நியமாகிவிடுகிறது. அவை சோடி சேர்வதில்லை. உயிரியலாளர் டேரன் இர்வின் குழுவினர் 2001இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். பின்வந்த மரபணு ஆய்வுகள் அந்த வளையம் இடையில் அறுபட்டதும் உண்டு என்று காட்டின. தென்னிந்தியாவுக்கு வருவது மேற்குக் கரத்துக் குருவி. அது பாடிச் சோடி சேர்வது பின்லாந்திலிருந்து சைபீரியா வரையிலான காடுகளில்.

அப்படியானால் இங்கே குளிர்காலம் முழுக்க ஏன் குரல் கொடுக்கிறது? உயிரியலாளர் டிரெவர் பிரைஸ் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆராய்ந்து 1981இல் எழுதினார்: ஒவ்வொரு குருவியும் தனியாக ஓர் எல்லையைப் பிடித்து, குளிர்காலம் முழுவதும் அதைக் காக்கிறது. அதாவது நான் கேட்டது, 'இந்த வேம்பு என்னுடையது' என்ற அறிவிப்பு. இந்தச் செய்தி தெரிந்த பிறகு சாலையோரத்து மரத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. ஒரு வேம்பை வெட்டினால், இங்கே ஏற்கெனவே குடியிருக்கும் ஒருத்தரின் வயலைப் பறிக்கிறோம்.

கல்லங்குறிச்சியைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். இங்குள்ள பாறையடுக்குக்கு நிலவியலாளர்கள் கல்லங்குறிச்சி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்சிப்பிகள் அதில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. லாரிகள் போகும் சாலையில் இலையெல்லாம் வெண்புழுதி. புழு பூச்சியையும் சிலந்தியையும் நம்பி வந்த குருவிக்கு, கோயிலையொட்டியும் வயலோரத்திலும் நிற்கும் பழைய வேம்பும் புளியும் இலுப்பையும்தான் மிச்சம். பங்குனியில் இங்கே ராமநவமித் திருவிழாக் கூட்டம் கூடும் நாட்களில் அது வடக்கே கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும்.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டித் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஊர் வேப்பமரத்தடியில் 15 நிமிடம் நின்று, கேட்டதையும் பார்த்ததையும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிந்தால் போதும். அடுத்த பொங்கலுக்கு அவசியம் செய்யுங்கள். அந்த மரத்தை வெட்ட யாராவது வந்தால், அதில் யார் குடியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.