கோடைமலையில் ஒரு குட்டிப் பந்து

மதுரையில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாளில், அத்தையை அழைத்துக்கொண்டு கோடைக்கானலுக்குப் புறப்பட்டேன். கோடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறியதும், வைகையில் தண்ணீர் வந்தாற்போல அத்தை முகத்தில் ஒரு களை!

மறுநாள் தூண் பாறையைப் பார்க்கப் போகும் வழியில் பச்சைப்பசேலென்று ஒரு புல்வெளி. நாலைந்து காட்டுமாடுகள் சாவதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஒரு மனிதர் கையில் தடியோடு குனிந்து நின்றார்.

"ஏண்டா, அந்த மாடுகளை மேய்க்கிறவரா?" என்றாள் அத்தை.

"இல்லை அத்தை, கோல்ப் ஆடுகிறார். அந்தக் குட்டிப் பந்தைத் தட்டித் தட்டிக் குழியில் போட வேண்டும். இங்கே பதினெட்டுக் குழிகள்."

"இதற்கு நம் கிட்டிப்புள்ளே தேவலையே!"

கோடைக்கானல் கோல்ப் கிளப் 1895ல் தோன்றியது. மலைமேல் மோட்டார் சாலை வந்ததோ முதல் உலக யுத்த காலத்தில்தான். அதுவரையில் அம்மையநாயக்கனூர் மட்டும் ரயில், அடிவாரம் மட்டும் மாட்டு வண்டி. அப்புறம் துரைமார்களும் துரைசானிகளும் டோலியிலோ குதிரையிலோ ஏறுவார்கள். மூட்டை முடிச்செல்லாம் கூலியாட்களின் தலையில் ஏறும். கோல்ப் தடிகளும் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். சுமந்தவர் ஒருவர், ஆடியவர் வேறொருவர்.

ஆட்டக்காரருக்குப் பின்னால் ஓர் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இவருக்குக் 'கேடி' என்று பெயர். (போலீஸ் பட்டியலில் வரும் கேடி அல்ல!)

"தூக்குகிறவர் ஆடக் கூடாதாக்கும்?" என்று அத்தை கேட்டாளே ஒரு கேள்வி!

ஆடியிருக்கிறார்கள்; ஜெயித்தும் இருக்கிறார்கள். 'இந்தியன் ஓபன்' போட்டி 1964ல் டில்லியில் பிறந்தது. 'ஓபன்' என்றால், பொழுதுபோக்காக ஆடுபவரும் பணத்துக்கு ஆடுபவரும் ஒரே களத்தில் மோதலாம். போட்டிக்கு ஊக்கம் கொடுத்த ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்ஸனே முதல் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் கல்கத்தாவில் பி. ஜி. சேத்தி ஜெயித்தார். அமெச்சூர் ஆனபடியால் பணப் பரிசை அவர் தொடக் கூடாது. பிறகு இருபத்தாறு ஆண்டுகள் இந்தியர் எவர் கைக்கும் பட்டம் எட்டவில்லை. 1991ல் அதைக் கைப்பற்றிய அலி ஷேர், டில்லி மைதானத்தில் கேடியாக இருந்தவர்! 2009ல் வென்ற பெங்களூர் சின்னசுவாமி முனியப்பாவும் பை தூக்கியவரே.

"பெண்கள் ஆடுவதில்லையா?"

பெண்களுக்கென்று ஓர் இந்தியன் ஓபன் 2007ல் வந்தது. 2016ல் அதை வென்றவள் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், வயது பதினெட்டு. 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதிக்கு நாலாவது இடம். ஒரே ஓர் அடியில் வெண்கலம் போயிற்று. அங்கே அவளுக்குப் பை தூக்கியது யார் தெரியுமோ? பெற்ற தாயார் மகேஸ்வரி!

அத்தை சற்று நேரம் பேசவில்லை. "நாலு நாளும் அம்மாவேயா தூக்கினாள்?" என்றாள். ஆமாம் என்றேன். காரில் ஏறும்போது இன்னொரு தரமும் கேட்டாள்.

அங்கே புல்வெளியில் ஒரு காட்டுமாடு பந்துக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டது. ஆட்டக்காரரும் கேடியும் எட்ட நின்று, அது எழுந்திருக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.