கம்பியும் கோபுரமும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டனர். சமயமும் இலக்கியமும் கல்லூரி வரலாறும் எழுத என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆதலின், இளமை முதல் என்னைப் பற்றி நிற்கும் ஒரு பித்தைக் குறித்தே எழுதத் துணிந்தேன். வீட்டு வளவில் ஏரியல் கட்டி, கடல்களுக்கு அப்பால் இருக்கும் முகந்தெரியா மனிதரோடு வானொலியில் உரையாடும் பித்து அது. அமெச்சூர் வானொலி என்பர்.

1964-ஆம் ஆண்டில் எமது பௌதிக ஆசிரியர் ஹேட்ஸ் என்னும் ஜேர்மானிய அறிஞரின் பரிசோதனைகளை விளக்கிவிட்டு, கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கணக்கை எழுதினார். 468 என்னும் எண்ணை மெகாசைக்கிளில் உள்ள மீடிறனால் வகுத்தால், அரை அலைநீளக் கம்பியின் நீளம் அடிக்கணக்கில் வரும். ஏழு மெகாசைக்கிளுக்கு ஏறத்தாழ 66 அடி. பரீட்சைக்கு வேண்டாத அந்தக் கணக்கே என் மனத்தில் தங்கியது.

எங்கள் வளவில் ஒரு பனைக்கும் ஒரு பூவரசுக்கும் இடையே 66 அடிச் செப்புக் கம்பியை இறுக்கிக் கட்டினேன். சோளகம் வீசிய முதல் வாரத்திலேயே அறுந்தது. மறுபடியும் கட்டினேன், மறுபடியும் அறுந்தது. ஐயா கமக்காரர், எழுதப் படிக்க மட்டும் தெரிந்தவர். தோட்டத்திலிருந்து வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆடுகிற மரத்திலே இறுக்கிக் கட்டினால் அறாமல் என்ன செய்யும், தம்பி?" என்றார். பழைய கிணற்றுக் கப்பி ஒன்றை எடுத்து வந்து, மரமேறும் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு பனையிலே கட்டுவித்தார். கம்பியின் நுனியிற் பிணைத்த கயிறு கப்பியின் மேலாக ஓடிக் கீழிறங்கியது. அதன் முனையில் உடைந்த அம்மிக்கல் ஒன்று தொங்கியது. பனை ஆடியபோது கல் ஏறி இறங்கியது, கம்பி அறவில்லை. பிற்காலத்தில் ஆங்கில நூல்களில் இதே முறையைப் படத்துடன் கண்டபோது, ஐயாவை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அரசாங்க உத்தியோகம் என்னை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்றது. அங்கேதான் அனுமதிப்பத்திரம் பெற்றேன். சுதந்திரத்துக்கு முன் வி எஸ் 7 எனத் தொடங்கிய இலங்கையின் அழைப்புக்குறி அப்போது 4 எஸ் 7 ஆகியிருந்தது. அத்துடன் எனக்குக் கோபுர ஆசையும் பிறந்தது. இரும்புக் குழாய்களை ஒட்டுவித்து நாற்பதடி உயரக் கோபுரம் எழுப்பி, உச்சியில் அலுமினியத்தாலான மூன்றுறுப்பு யாகி ஏரியலை ஏற்றினேன். 1926-இல் யாகி, ஊடா என்னும் இரு ஜப்பானியர் உலகுக்கு அறிவித்த அமைப்பு அது. 1942-இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினர், ஆங்கிலேயரின் ராடார்க் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு பொருள் விளங்காது கைதியிடம் வினவினராம். அது தம் நாட்டுப் பேராசிரியரின் பெயரென அறிந்து திகைத்தனராம்.

கோபுரத்தை மூன்று திசைகளில் உருக்குக் கம்பிகளால் இழுத்துக் கட்டவேண்டும். இரண்டு கம்பிகளுக்கு நிலத்திற் கொங்கிறீற்றுக் கட்டைகள் புதைத்தேன். மூன்றாவது திசையில் அயல் வளவு நெருங்கியிருந்தது. இடமில்லையாதலால் எல்லையில் நின்ற தென்னையிலே கட்டினேன். ஆடுகிற மரத்தைப் பற்றி ஐயா சொன்னது அன்று நினைவுக்கு வரவில்லை. அயலில் கிடுகு வேய்ந்த சிறு வீட்டில் ஒரு தாயார் தம் மகளோடும் நான்கு பேரப்பிள்ளைகளோடும் வாழ்ந்து வந்தார். "இது விழாதா, மகன்?" என்று கேட்டார். "கணக்குப் பார்த்துத்தான் கட்டினேன், அம்மா" என்றேன். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதை நான் அறியாதவனல்லன். ஆனால் நான் கணக்கிற் கொண்டது வழமையான வாடைக்காற்றையே.

1978 நவம்பர் 23-ஆந் தேதி இரவு சூறாவளி வந்தது. கல்வீடு என்பதனால் அத்தாயார் மாலையிலேயே குடும்பத்துடன் எமது விடுதிக்கு வந்திருந்தார். நள்ளிரவிற் கேட்ட ஓசைகளில் எது எதனுடையதென அறியமுடியவில்லை. விடிந்தபோது தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. அது இழுத்த இழுப்பிற் கோபுரம் அயல்வீட்டுக் குசினியின் மேல் நெடுக விழுந்திருந்தது. மழைக்காலத்திற் பிள்ளைகள் படுப்பது அடுப்பங்கரை ஓரத்திலேதான். அக்கூரை எப்படியும் பறந்திருக்கும் எனப் பின்னர் சிலர் எனக்கு ஆறுதல் கூறினர். கிடுகு பறப்பது வேறு. நாற்பதடி இரும்பு விழுவது வேறு.

தொலைபேசிக் கம்பிகள் யாவும் அறுந்துவிட்டன. தென்னந்தோட்டங்கள் சரிந்து கிடந்தன. நல்லவேளையாக வானொலிப் பெட்டி நனையவில்லை. நண்பர் ஒருவரின் மோட்டார் வண்டிப் பற்றரியை வாங்கி, முறிந்த இரு மரக்குற்றிகளுக்கிடையே பத்தடி உயரத்திற் பழையபடி 66 அடிக் கம்பியைக் கட்டினேன். நாற்பது மீற்றர் அலையிற் கொழும்பு நண்பரின் குரல் தெளிவாக ஒலித்தது. தாழக் கட்டிய கம்பி அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அயன மண்டலம் அதைத் திருப்பிச் சில நூறு மைல் சுற்றளவில் மழைபோற் பொழியும். நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு அதுவே ஏற்ற வழி. என் கோபுரம் நின்றிருந்தாலும், அதன் இருபது மீற்றர் அலை கொழும்பைத் தாண்டி அப்பாலே போயிருக்கும்.

மூன்று நாட்கள் அயலவரின் செய்திகளை அனுப்பினேன். அத்தாயாரின் மகன் கொழும்பில் வேலை செய்தார். அவருக்கு என்ன சொல்லவேண்டும் எனக் கேட்டேன். "எல்லோரும் சுகம், குசினி மட்டும் போயிற்று என்று சொல்லுங்கள், மகன்" என்றார். அது எவ்வாறு போயிற்று என்பதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மாதங்களின் பின் ஓடு வேய்ந்த குசினி ஒன்றைக் கட்டுவித்துக் கொடுத்தேன். அங்கே சமைத்த முதற்சோற்றை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அதை உண்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமானில் அமெச்சூர் நிலையம் நடத்தச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி, தொடர்பு அறுந்த தீவிலிருந்து செய்திகளை அனுப்பியதை நம்மிற் பலர் பத்திரிகைகளிற் படித்திருப்போம். அதைப் படித்த அன்று அந்த மரக்குற்றிகள் இரண்டும் என் கண்முன்னே நின்றன.

இப்போது ஊர் வீட்டிலேயே இருக்கின்றேன். போர்க்காலத்தில் அப்பனை அழிந்தது. கிணற்றுக்கு மோட்டார் வந்துவிட்டது. ஐயாவின் கப்பி மாத்திரம் எஞ்சி, வேறொரு பனையிற் கம்பியைத் தாங்குகின்றது. நமது கல்லூரி மாணவர் சிலர் அவ்வப்போது வருவதுண்டு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையைப் பற்றியும், புவித்தொடுப்பைப் பற்றியும், மின்கம்பி செல்லும் பக்கமாகக் குழாய் எதனையும் நிமிர்த்தக்கூடாது என்பதைப் பற்றியும் சொல்வேன். சென்ற மாதம் வந்த ஒருவன், நாற்பதடிக் கோபுரத்துக்கு எவ்வளவு செலவாகும் எனக் கேட்டான். அவன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே எத்தனை அடி என்று நான் கேட்டேன். அளந்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கின்றான்.