உப்புக்காற்றில் 24 வோல்ட்

நவம்பர் பிறந்தால் மலேசியாவின் மெர்சிங்கில் வடகிழக்குப் பருவக்காற்று. தியோமான் தீவுப் படகுகள் குறையும், விடுதிகளில் ஆள் இருக்காது. பம்ப், ஏசி பேனல்களைத் திறந்து பார்க்க இதைவிடத் தோதான காலமில்லை. டெர்மினல் திருகுகளில் பச்சை பூத்திருக்கும்.

*

பேனலுக்குப் பவர் சப்ளை வாங்கப் போனால் எல்லாரும் கேட்பது எத்தனை ஆம்ப், என்ன விலை. ஐசொலேஷனை யாரும் கேட்பதில்லை. டேட்டாஷீட்டில் 3 கிலோவோல்ட் என்று போட்டிருந்தால் திருப்தி. அது ஒரு நிமிடச் சோதனையில் தாங்கியது. நாள் முழுக்கத் தாங்கும் அளவு வேறு, வொர்க்கிங் வோல்டேஜ் என்று தனி வரியில் இருக்கும். சின்ன டிசி-டிசி மாட்யூல்கள் பலவற்றில் 1 கிலோவோல்ட் என்பது ஒரே விநாடிச் சோதனை. 'ஃபங்ஷனல்' என்று எழுதியிருந்தால் ஆள் பாதுகாப்புக்கு அதை நம்பவே கூடாது. 230 வோல்ட்டிலிருந்து ஆளைக் காப்பாற்ற 'ரீஇன்ஃபோர்ஸ்ட்' வேண்டும்.

*

"அண்ணே, இரண்டு கன்ட்ரோலருக்கும் 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதாதா? லோடு அறுபதுகூட இல்லையே."

லோடுக்குப் போதும். ஆனால் ஒரு கன்ட்ரோலரில் இருப்பது ஹாஃப் வேவ் ரெக்டிஃபையர், மற்றதில் ஃபுல் வேவ். ஹாஃப் வேவில் 24 வோல்ட் ஏசியின் ஒரு கால்தான் போர்டின் காமன். ஃபுல் வேவில் காமன் டயோடு பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம். இரண்டு காமனும் கன்ட்ரோலர்களை இணைக்கும் ஆர்எஸ்-485 வயர் வழியாகவோ எர்த் வழியாகவோ சேர்ந்தால், பிரிட்ஜில் ஒரு டயோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் டிரான்ஸ்ஃபார்மரையே ஷார்ட் செய்யும். ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாவிட்டால் போர்டு போகும். தனித்தனியாக இரண்டு 50 விஏ போட்டால் தொல்லை இல்லை. ஹாஃப் வேவ் இரண்டு ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தாலும் கால் மாறிவிடக் கூடாது.

*

இடி. சாதாரண ஆர்எஸ்-485 சிப் தன் கிரவுண்டைப் பொறுத்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் தாங்கும். பம்ப் கொட்டகைப் பக்கம் மின்னல் விழுந்தால் அங்குள்ள எர்த் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். ஆபீஸ் எர்த் அப்படியே இருக்கும். நடுவில் ஓடும் வயர் என்ன செய்யும்? அதனால் ஐசொலேட்டட் டிரான்ஸீவர். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சிக்னலுக்கு ஆப்டோகப்ளர் போட்டுவிட்டு, இரு பக்கத்துக்கும் ஒரே 24 வோல்ட்டைக் கொடுப்பது. முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை. ஆர்எஸ்-485 வயர்ப் பக்கத்துக்குத் தனி ஐசொலேட்டட் சப்ளை வேண்டும், சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றாகாது. கட்டடம் விட்டுக் கட்டடம் போக என்னைக் கேட்டால் ஃபைபர்தான்.

*

"சப்ளை லீக் ஆகுது" என்று வரும் புகார்களில் பாதி லீக்கே அல்ல. மைனஸை எங்கும் எர்த் செய்யாமல் விட்டால், உள்ளே இருக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியாக டிஜிட்டல் மீட்டர் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எண்பது, நூறு வோல்ட் ஏசிகூடக் காட்டும். மைனஸை ஒரே இடத்தில் எர்த்தோடு சேர்த்தால் மறைந்துவிடும். இரண்டு இடத்தில் சேர்த்தால் வேறு தலைவலி.

*

தகரக் கூரைக் கொட்டகையில் மூன்று ஆம்ப் லோடுக்கு ஐந்து ஆம்ப் சப்ளை. பல மாடல்கள் 50 டிகிரிக்கு மேல் முழு ஆம்ப் கொடுக்காது. பத்து டிகிரி ஏறினால் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதி. ஸ்பேர் குளுவாங்கிலிருந்தோ ஜொகூர் பாருவிலிருந்தோ வர வேண்டும், மழைக்காலத்தில் ரோட்டில் வெள்ளம் ஏறினால் அதுவும் கிடையாது. அக்டோபரிலேயே வாங்கி வைப்பது நல்லது.