இன்னும் பிரவுன்தானா ஸார்?

ஆபீஸில் ஒருத்தன் கராத்தே கற்றுக்கொள்கிறான் என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி ரெடி: ‘‘என்ன பெல்ட் ஸார்?’’ பிரவுன் என்று சொன்னால், டிகிரியில் அரியர்ஸ் வைத்திருப்பவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். நாலு வருஷமாக இதே பதில் சொல்கிறேன் நான்.

பெல்ட் என்பது ஏதோ போதிதர்மர் காலத்துச் சமாச்சாரம் என்று பலருக்கு நினைப்பு. கிடையாது. 1882-ல் ஜப்பானில் ஜூடோ பள்ளி ஆரம்பித்த ஜிகோரோ கானோ, மறு வருஷம் இரண்டு சீடர்களுக்கு முதல் ‘டான்’ கொடுத்தார். ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தில் ஏற்கெனவே இருந்த தர வரிசை அது. கறுப்பு பெல்ட் அதற்கும் பிறகு. கராத்தேக்காரர்களுக்கு அதை 1924-ல் முதலில் கட்டிவிட்டவர் ஃபுனாகோஷி. மஞ்சள், ஆரஞ்சு, பச்சையெல்லாம் பரவியதில் பெரிய பங்கு, 1935-ல் பாரிஸுக்குப் போய் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷிக்கு. அடிக்கடி கலர் மாறினால்தான் ஆள் நிற்பான் என்பது கணக்கு!

தமாஷ் என்னவென்றால், கறுப்பில் முதல் படிக்குப் பெயர் ‘ஷோடான்’. ‘ஷோ’ என்றால் ஆரம்பம். இத்தனை கலரையும் தாண்டி, அரிச்சுவடிக்கு வந்து சேர்கிறோம்.

எங்கள் மாஸ்டர் ஒரு மொட்டை மாடியில் வகுப்பு நடத்துகிறார். காலை ஐந்தரை மணி. மனுஷர் தங்கம், கிரேடிங் என்று வந்தால் மட்டும் கல். போன தடவை ‘கட்டா’வை முழுசாக முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றேன். ‘‘கை வருது தம்பி, இடுப்பு வரலையே’’ என்றார். அவ்வளவுதான், அடுத்த வருஷம்!

இதற்கிடையில் பக்கத்துத் தெருவில் இன்னொரு வகுப்பு வந்தது. மூன்று மாசத்துக்கு ஒரு கலர், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீஸ், லாமினேட் செய்த சர்ட்டிஃபிகேட். எங்கள் மாடியில் நாற்பது பேர் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர். மாடி வாடகையோ குறையவில்லை.

பொறுக்காமல் கேட்டேன். ‘‘மாஸ்டர், நாமும் கொஞ்சம் தாராளமாக் கொடுத்தா என்ன?’’

‘‘கொடுக்கலாம். நாளைக்கு ராத்திரி நாலு பேர் வழி மறிச்சா, கறுப்பு பெல்ட்டாச்சேன்னு பையன் நிப்பான் தம்பி. ஓட வேண்டியவன் ஓட மாட்டான்.’’

அதற்காகக் கலரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பச்சை எப்போ, பிரவுன் எப்போ என்ற ஆசை இல்லாவிட்டால் மார்கழிக் குளிரில் எவன் எழுந்திருப்பான்? இன்னொன்று... ஆபீஸில் ஆறு வருஷமாக எனக்குப் பிரமோஷன் ஏன் வரவில்லை என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை. இங்கே காரணம் முகத்துக்கு நேரே கிடைத்துவிட்டது: இடுப்பு.

இப்போதெல்லாம் தண்ணீர்க் குடம் தூக்கும்போதுகூட அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ‘‘ஏங்க, சுளுக்கா? தைலம் தேய்க்கட்டுமா?’’ என்கிறாள் மனைவி.