சித்தியின் மாடும் சித்தப்பாவின் சோலாரும்

குமணன்சாவடியில எங்க சித்தி வீட்டுக்குப் பின்னாடி அஞ்சு கறவை மாடு நிக்குது. ஒரு பக்கம் மெட்ரோ பாலம், ஒரு பக்கம் நாலு மாடி அபார்ட்மெண்ட், நடுவுல மாடு. வெளியூர் நண்பர்கள் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க :-)

போன வருஷம் அபார்ட்மெண்ட்காரங்க சாண நாத்தம்னு புகார் எழுதிட்டாங்க. ஆள் வந்து பாத்துட்டுப் போனார். சித்தப்பா அன்னைக்கே "வித்துடலாம்"னுட்டார். சித்தி வாயே திறக்கலை. மூணு பேரைக் காலேஜ் வரைக்கும் படிக்க வெச்ச மாடுங்க. அதுல ஒருத்தன் நான். அதனால கணக்குப் போட நானே உக்காந்தேன்.

சித்தப்பா ரொம்ப நாளா ஆசைப்பட்டது சோலார். புல் வெட்டுற மெஷின், தண்ணி மோட்டார், கறவை மெஷின், ஃபேன்னு கரண்ட் பில் எகிறுது. 2024ல வந்த பிரதமர் சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட் போட்டா 78,000 ரூபாய் மானியம். ஆஹான்னு உள்ளே போனா, மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தானாம். எங்க கொட்டகைக்குத் தனி மீட்டர். அதுவும் மாட்டி முடிச்ச அப்புறம்தான் மானியம் கணக்குல ஏறும்; முழுப் பணத்தையும் முதல்ல நாமதான் புரட்டணும். 2 லட்சம் வரைக்கும் ஈடு இல்லாத கடன்னு திட்டம் சொல்லுது. நாங்க போன வங்கியில வீட்டுப் பத்திரம் கேட்டாங்க. பத்திரம் தாத்தா பேர்ல இருக்கு. தாத்தா ஃபோட்டோவுல இருக்கார். சரி, ஜாமீனுக்காவது ஆள் பிடிக்கலாம்னா, புலவனுக்குத் தலையையே கொடுக்கத் துணிஞ்ச குமணன் பேரை வெச்சிருக்கிற ஊர்ல ஒருத்தரும் கையெழுத்துப் போட வரலை!

இன்னொண்ணு, பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் கட்டானா தானும் நின்னுடும். லைன்ல வேலை பாக்கிறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. இதைக் கேட்டதும் சித்தப்பா முகத்தைப் பாக்கணுமே...

எல்லாத்துக்கும் மேல, புகார் வந்தது கரண்டுக்கு இல்லை, சாணத்துக்கு. அதனால முதல்ல சாண எரிவாயுன்னு நான் அடிச்சுச் சொன்னேன். ஒரு மாடு நாளைக்குப் பத்து கிலோ சாணம், அஞ்சு மாடு அம்பது கிலோ. அதே அளவு தண்ணி கலந்தா 2 கன மீட்டர் கலனுக்குச் சரியா இருக்கும். அரை மாசத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். வெளியே வர்ற கழிசல்ல நாத்தமும் குறைவு. குஜராத்துல ஆனந்த் பக்கம் ஜகாரியாபுரா கிராமத்துல தேசிய பால்வள வாரியம் இப்படி வீட்டுக்கு வீடு கலன் வெச்சுக் கொடுத்திருக்கு. மிஞ்சுற கழிசலும் அங்கே உரமா விலை போகுது.

காசு? 2019ல இருந்து மாடு வளர்க்கிறவங்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 2025 ஜனவரியில இருந்து 2 லட்சம் வரைக்கும் ஈடு வேண்டாம். தவணை தப்பாமக் கட்டினா வட்டி 4 சதவீதம்தான். ஆனா அது தீவனம், மருந்து மாதிரி செலவுக்கு. கலன் கட்ட இல்லை. சித்தி ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "தீவனத்தைக் கார்டுல வாங்கிக்கலாம்டா. தீவனத்துக்கு எடுத்து வைக்கிற பால் காசுல கலன் வாங்கலாம்." எம்.காம். படிச்ச எனக்கு இது தோணலை, ஹி ஹி.

கலன் வந்து மூணு வாரம் எரியவே இல்லை. முதல்ல வர்ற வாயுவுல கரியமிலம்தான் ஜாஸ்தி, அதைத் திறந்து விட்டுடணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அதுக்குள்ள சித்தப்பா "அப்பவே சொன்னேன்"னு இருபது தடவை சொல்லிட்டார். ஒரு நாள் காலையில நீலமா எரிஞ்சது. அதுல போட்ட முதல் காபி அவருக்குத்தான்.

இப்போ பத்திரத்தைப் பேர் மாத்த அலைஞ்சுட்டு இருக்கார். வீட்டு மாடியிலயாவது சோலார் போட்டே தீரணுமாம்.

நேத்து மூணாவது மாடி அம்மா பக்கெட்டோட வந்தாங்க. ரோஜாச் செடிக்குக் கழிசல் வேணுமாம். புகார்ல முதல் கையெழுத்து அவங்களோடதுதான். சித்தி இருபது ரூபாய் வாங்கிட்டுத்தான் ஊத்தினாங்க.